வீட்டுச் சேமிப்புப் பெட்டியும் வெளியூர்ப் படியும்

முன்னாளில் நம் குடும்பங்களில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. நிலத்தின் கிரயப் பத்திரம், பிள்ளைகளின் ஜாதகம், பாட்டனார் ரங்கூனிலிருந்தோ பம்பாயிலிருந்தோ எழுதிய கடிதங்கள், திருமணத்தன்று எடுத்த ஒரே ஒரு புகைப்படம் ஆகிய யாவும் அதில் அடங்கியிருந்தன. அதன் திறவுகோல் எவரிடம் உள்ளது என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருந்தனர். வீடு தீப்பற்றினால் எதைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும் என்பதிலும் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

இன்று அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது? தந்தையாரின் படம் ஒருவர் கைப்பேசியில் இருக்கிறது. பத்திரத்தின் நகல் மற்றொருவரின் மடிக்கணினியில் இருக்கிறது. பேத்தியின் முதற்சொல் வாட்ஸ்அப்பில் வந்து, நான்கு நாளில் கீழே போய்விடுகிறது. கூகுள் முதலிய நிறுவனங்களின் களஞ்சியத்தில் பலர் படங்களை ஏற்றி வைத்திருக்கின்றனர். அதுவும் நன்றே. ஆனால் கூகுள் புகைப்படச் சேவை, அதுவரை எல்லையின்றி இலவசமாக ஏற்றுக்கொண்டு வந்த படங்களை, 2021 ஜூன் 1 முதல் 15 கிகாபைட் என்னும் பொதுக் கணக்குக்குள் அடக்கியது என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். வாடகை வீட்டின் நிபந்தனைகளை வீட்டுக்காரர் மாற்றுவது உலக வழக்கம்.

ஆகவேதான் வீட்டிலேயே ஒரு சேமிப்புப் பெட்டியை அமைத்துக்கொள்ளும் எண்ணம் இப்பொழுது பரவி வருகிறது. சித்தூரிலும் திருப்பதியிலுமாகப் பிரிந்து வாழும் என் குடும்பத்தில் அத்தகைய பெட்டியொன்றை அமைத்ததையும், அதில் நேர்ந்த இழப்பையும், அதன்பின் கற்றுக்கொண்டதையும் இவ்வுரையில் கூறுவேன். வேற்று மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு இதில் தனிப்பட்டதொரு பங்கும் உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

முதலில், இந்தப் பெட்டி என்பது யாது? அதுவும் ஒரு கணினியே. ஆயினும் அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. வீட்டிலுள்ள ரவுட்டருடன் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு, ஒரு மூலையில் அமர்ந்து, இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே ஒன்றோ இரண்டோ அதற்கு மேலோ ஹார்டு டிஸ்குகள் இருக்கும். வீட்டிலுள்ள எவரும் தம் கைப்பேசியிலிருந்தோ கணினியிலிருந்தோ வைஃபை வழியே அதனுள் கோப்புகளை இடலாம், எடுக்கலாம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இதனை 'நாஸ்' என்று வழங்குவர். சைனாலஜி, க்யூநாப் போன்ற நிறுவனங்கள் ஆயத்தமாகச் செய்து விற்கின்றன. செலவைக் குறைக்க விரும்புவோர், பழைய மேசைக் கணினியொன்றில் ஓப்பன்மீடியாவால்ட் அல்லது ட்ரூநாஸ் என்னும் இலவச மென்பொருளை நிறுவியும் இதே பணியைப் பெறலாம். நாங்கள் இரண்டாம் வழியையே பின்பற்றினோம். சிறிது பொறுமை உடையவருக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்கிட்டுக்கொள்வது நலம். கைப்பேசிப் படம் ஒன்று ஏறத்தாழ 4 மெகாபைட் எனக் கொண்டால், 25,000 படங்களுக்கு 100 கிகாபைட் போதும். பழைய ஒலிநாடாவைச் சுருக்காமல், குறுந்தட்டின் தரத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்திற்கு 635 மெகாபைட் ஆகும். இடத்தை விழுங்குவது காணொளியே. கைப்பேசியில் எடுத்த ஒரு மணி நேரக் காணொளி 4 முதல் 8 கிகாபைட் வரை கொள்ளும். ஒரு டெராபைட் என்பது 1,000 கிகாபைட். பெரும்பாலான குடும்பங்களுக்கு 4 டெராபைட் டிஸ்கு இரண்டு வாங்கினால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. தொடர்ந்து ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட டிஸ்குகளாகப் பார்த்து வாங்குக.

வைக்கும் இடத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். திருப்பதியில் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் பெட்டியை வைத்துப் பூட்டினால் அது வெந்துபோகும். சமையலறையின் புகையும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் கசிவும் அதற்கு ஆகா. மின்சாரம் திடீரென நின்றால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்துபோகும் ஆகையால், ஒரு சிறு யு.பி.எஸ். கருவியும் உடன் வேண்டும். பெட்டி 20 வாட் அளவிலேயே மின்சாரம் உண்பதால் சிறிய கருவியே போதுமானது.

இவ்வளவும் செய்தோம். இரண்டு டிஸ்குகளையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைத்தோம். அதாவது, முதல் டிஸ்கில் எழுதப்படுவது எதுவாயினும் அதே கணத்தில் இரண்டாவதிலும் எழுதப்படும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று இருக்கும் அன்றோ? ஆகவே நம் செல்வம் பத்திரமாக இருக்கிறது என்று நான் மனநிறைவோடு இருந்தேன்.

என் தாயார் பாடிய தாலாட்டுப் பாடல்கள் 11, 1989இல் ஓர் ஒலிநாடாவில் பதிவு செய்யப்பட்டிருந்தன. சித்தூர்ப் பக்கத்துத் தமிழில், தெலுங்குச் சொற்கள் ஆங்காங்கே கலந்து, அவர் தம் தாயாரிடம் கேட்டறிந்த பாடல்கள் அவை. அவற்றைப் பெட்டியில் ஏற்றினேன். நாடா பூஞ்சை பிடித்திருந்தது. கணினியில் ஏறிவிட்டதே என்று அதனை எறிந்துவிட்டேன். ஓராண்டு கழித்து, விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காள் மகன் தன் காணொளிகளுக்கு இடம் தேடினான். "மாமா, 'பழையவை' என்று ஒரு கோப்புறை இருந்தது. அதை நீக்கிக் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டேன். இப்போது நிறைய இடம் கிடைத்துவிட்டது" என்று மகிழ்ச்சியோடு வந்து சொன்னான். பிள்ளையின் மேல் குற்றமில்லை. அந்தப் பெயரை இட்டவன் நான். அவனுக்கு அழிக்கும் உரிமையைக் கொடுத்தவனும் நான். கண்ணாடி தன் கடமையைச் சரியாகவே செய்தது. முதல் டிஸ்கில் அழிந்தது அதே கணத்தில் இரண்டாவதிலும் அழிந்தது.

சித்தூரில் இருக்கும் என் தம்பி, முன்பு எப்போதோ இரண்டு பாடல்களை மட்டும் தன் பென் டிரைவில் எடுத்துச் சென்றிருந்தான். அந்த இரண்டே மிஞ்சின. நாங்கள் திட்டமிட்டு வைத்த படி ஒன்றும் உதவவில்லை. தற்செயலாக வேறோர் ஊருக்குச் சென்ற படிதான் உதவிற்று.

கண்ணாடி அமைப்பு வீணானது என்று இதனால் கருதவேண்டாம். 1988இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் பல மலிவான டிஸ்குகளை ஒன்றுசேர்த்துப் பயன்படுத்தும் முறையை விளக்கி எழுதினர். 'ரெய்டு' என்னும் பெயர் அதிலிருந்து வந்தது. ஒரு டிஸ்கு பழுதானாலும் வேலை நின்றுவிடாதிருப்பதே அதன் நோக்கம். கை தவறி அழிப்பதையும், திருடன் பெட்டியோடு தூக்கிச் செல்வதையும், வெள்ளத்தையும், வைரஸையும் அது தடுக்காது. ஒரே கூரையின்கீழ், ஒரே கட்டளைக்கு அடங்கி நிற்கும் இரண்டு டிஸ்குகளை இரண்டு படிகள் என்று எண்ணுவதே பலரும் செய்யும் பிழை. விற்பவர்களும் அதைத் திருத்துவதில்லை.

படி என்னும் சொல்லை நான் வேண்டுமென்றே ஆள்கிறேன். நம் முன்னோர் இச்செயலை நன்கு அறிந்திருந்தனர். தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கோடிகாவலில், 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். அவ்வாறு வெட்டியவற்றைப் 'பழங்கற்படி' என்றே குறித்தனர். 13ஆம் நூற்றாண்டில், வீரநரசிங்கதேவ யாதவராயர் காலத்தில் திருமலைக் கோயில் புதுப்பிக்கப்பட்டபோதும் பழைய சாசனங்களைப் புதுச் சுவரில் மீண்டும் பொறித்தனர். இடிப்பதற்கு முன் படியெடுக்கவேண்டும் என்னும் எளிய நெறி அது. ஒலிநாடாவை எறிந்த எனக்கு அது தோன்றவில்லை.

திருமலையில் மற்றொரு வரலாறும் உண்டு. இராஜம்பேட்டைக்கு அருகிலுள்ள தாள்ளப்பாக்கத்தில் 1408இல் பிறந்த அன்னமாசாரியார், திருவேங்கடவன்மீது 32,000 பாடல்கள் இயற்றினார் என்று அவர் குடும்ப வரலாறு கூறும். 16ஆம் நூற்றாண்டில் அவர்தம் மகனார் பெத்த திருமலாசாரியார் காலத்தில் அப்பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, கோயிலுக்குள் 'சங்கீர்த்தன பண்டாரம்' என்னும் சிற்றறையில் வைக்கப்பட்டன. ஓலையினும் செம்பு நெடுங்காலம் நிற்கும். கருங்கல் அறை தீயையும் நீரையும் தாங்கும். சேமிப்பு என்னும் வகையில் இதைவிடச் சிறந்ததொரு ஏற்பாட்டை அக்காலத்தில் எவரும் எண்ணியிருக்க இயலாது.

எனினும் நிகழ்ந்தது யாது? காலப்போக்கில் அப்பாடல்களைப் பாடுவோர் அருகினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெலுங்கு இலக்கணம் எழுதிக்கொண்டிருந்த காம்பெல் என்னும் ஆங்கிலேய அதிகாரி, திருப்பதி மலையில் ஆயிரக்கணக்கான செப்பேடுகள் இருப்பதைக் கேள்வியுற்று, ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கச் செய்தார். இலக்கண நூல் ஒன்றுக்கு மட்டும் படி எடுக்கப்பட்டது. மற்றவை யாவும் வெறும் தோத்திரங்களே என்று 1816இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதிவைத்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டு கழிந்தே, 1922ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ 2,500 செப்பேடுகள் மீண்டும் அறிஞர் கவனத்திற்கு வந்தன. தேவஸ்தானத்துச் சாசன ஆராய்ச்சியாளர் சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் முதலியோர் உழைப்பால் அவை படிக்கப்பட்டு அச்சேறின. 12,000க்கு மேற்பட்ட பாடல்கள் கிடைத்தன. எஞ்சியவை நமக்குக் கிட்டவில்லை.

இதனை நான் பல முறை எண்ணிப் பார்த்ததுண்டு. செப்பேடு அழியவில்லை; அறை இடியவில்லை. ஆனால் உள்ளே இருப்பது இன்னது என்று அறிந்து, எடுத்துப் படிக்கும் ஆள் இல்லை. நம் வீட்டுப் பெட்டிக்கும் இதே நிலை மிக எளிதில் வரும். அது குறித்து மேலே பேசுவேன். அதற்குமுன் வெளியூர்ப் படியை அமைக்கும் முறையைக் கூறிவிடுகிறேன்.

பீட்டர் க்ரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக்காரர், டிஜிட்டல் படங்களைப் பேணுவது பற்றி 2005இல் வெளியிட்ட நூலின் வழியே ஒரு கணக்குப் பரவியது: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு படி வேறிடத்தில். எங்கள் குடும்பத்தில் இக்கணக்கு இயல்பாகவே பொருந்திற்று. மூலம் திருப்பதி வீட்டுப் பெட்டியில். இரண்டாவது படி ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தூரில் தம்பி வீட்டில். மூன்றாவது, புனேயில் வேலையிலிருக்கும் என் மகளிடம்.

சித்தூரிலும் ஒரு பழைய கணினியையும் ஒரு டிஸ்கையும் வைத்தோம். இரண்டு வீடுகளையும் இணைய வழியே பிணைக்க வேண்டும். இங்குதான் பலர் ஓர் ஆபத்தான குறுக்கு வழியில் இறங்குகின்றனர். ரவுட்டரில் ஒரு கதவைத் திறந்து, பெட்டியை இணையத்தின் தெருவிலேயே வைத்துவிடுகின்றனர். 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்னும் பணயப் புரளி, அவ்வாறு இணையத்திற்கு நேராகத் திறந்துவைக்கப்பட்ட க்யூநாப் பெட்டிகளைத் தேடிப் பிடித்து, உள்ளிருந்த கோப்புகளைப் பூட்டி, மீட்புப் பணம் கேட்டது. இவ்வாறின்றி, வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் போன்ற மென்பொருளால் இரண்டு வீடுகளுக்கும் இடையே மட்டும் ஒரு மறைவழியை அமைத்துக்கொள்க. வழிப்போக்கர் எவருக்கும் கதவே தெரியாது.

அடுத்து, திருப்பதிப் பெட்டி சித்தூருக்கு அனுப்புவதா, சித்தூர்ப் பெட்டி தானே வந்து எடுத்துக்கொள்வதா என்னும் வினா எழும். பின்னதே சிறந்தது. திருப்பதிப் பெட்டிக்குச் சித்தூரின் கடவுச்சொல் தெரியாதிருப்பின், அதைக் கைப்பற்றிய தீயோனும் சித்தூரைத் தொட இயலாது. எங்கள் ஏற்பாட்டில், இரவு 2 மணிக்குச் சித்தூர்ப் பெட்டி விழித்தெழுந்து, திருப்பதியிலிருப்பதைப் படிக்கும் உரிமையை மட்டும் கொண்டு, புதியவற்றை எடுத்துச் செல்கிறது. 'ஆர்சிங்க்' என்னும் பழைய, நம்பத்தக்க மென்பொருள் இதற்குப் போதும்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இரு பக்கமும் எப்போதும் ஒன்றுபோல் இருக்கும்படி அமைப்பது ஒத்திசைவே அன்றிக் காப்புப் படி ஆகாது. இங்கு அழித்தது இரவு 2 மணிக்கு அங்கும் அழிந்துவிடும். அதாவது, என் கண்ணாடியையே 70 கிலோமீட்டர் நீட்டியதாக முடியும். ஆகவே பழைய நிலைகளையும் வைத்திருக்க வேண்டும். கடந்த ஏழு நாட்களின் நிலை, நான்கு வாரங்களின் நிலை, பன்னிரண்டு மாதங்களின் நிலை என்று சித்தூர்ப் பெட்டி தனித்தனியே பதிந்துவைக்கிறது. மாறாத கோப்பு மீண்டும் இடம் பிடிப்பதில்லை ஆதலால், இதற்கு நாம் அஞ்சும் அளவுக்கு இடம் செலவாவதில்லை. என் அக்காள் மகன் அன்று செய்ததை இன்று செய்தால், அடுத்த நாள் காலையில் முந்தைய இரவின் நிலையிலிருந்து மீட்டுக்கொள்வோம்.

முதல் முறை அனுப்பும்போது மட்டும் இணையத்தை நம்பவேண்டாம். நொடிக்கு 40 மெகாபிட் வேகத்தில் ஒரு டெராபைட்டை ஏற்றுவதற்கு, இடைவிடாது ஓடினாலும் 55 மணி நேரம் பிடிக்கும். நான் டிஸ்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் சென்றேன். இரண்டு மணி நேரத்தில் சித்தூர் வந்துவிட்டது. அதன்பின் அன்றாடம் சேரும் சிறு பங்கை இணையம் எளிதில் சுமக்கிறது.

இத்தனை ஏற்பாடும் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, நம் ஊரிலேயே நிகழ்ந்த இரண்டு செய்திகளைக் கூறுவேன்.

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்னும் பணயப் புரளி உலகெங்கும் பரவிற்று. ஏறத்தாழ 150 நாடுகளில் 2,00,000க்கு மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின. ஆந்திர மாநிலக் காவல்துறையின் கணினிகள் சிலவும், சித்தூர் மாவட்டத்தவை உட்பட, பாதிக்கப்பட்டன. திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக் கணினிகள் சிலவும் தப்பவில்லை. அப்புரளி எந்த வழியாக நுழைந்தது? விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் 'எஸ்.எம்.பி.' என்னும் முறையின் பழைய பதிப்பிலிருந்த ஓட்டை வழியாக. நம் வீட்டுப் பெட்டியும் கோப்புகளைப் பகிர்வது பெரும்பாலும் அதே முறையால்தான். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதம் முன்னதாக, மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது, நிறுவிக்கொள்ளாதவர்களே அகப்பட்டனர். ஆகவே உங்கள் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எஸ்.எம்.பி. முதற்பதிப்பு அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மென்பொருள் திருத்தங்களை அவ்வப்போது நிறுவுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, பழைய குடும்பக் கோப்புகளைப் பிள்ளைகள் பார்க்கலாம், அழிக்க இயலாது என்னும்படி செய்துவிடுங்கள்.

இரண்டாவது செய்தி மழையைப் பற்றியது. 2021 நவம்பர் 18, 19 தேதிகளில் திருப்பதியில் பெய்த பெருமழை அங்கிருந்தோர் நினைவில் இன்றும் இருக்கும். மலைப்பாதைகள் மூடப்பட்டன, தெருக்கள் ஆறாயின, தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. சில நாட்களில் அருகிலுள்ள ராயலசெருவு ஏரியின் கரையில் கசிவு கண்டு, கீழுள்ள கிராமத்து மக்களை அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. தரைத்தளத்து மேசையின்கீழ் வைக்கப்பட்ட பெட்டிக்கு ஒரு முழ நீரே போதும். பெட்டியை மாடிக்கு மாற்றலாம். ஆனால் அதே மழை சித்தூரிலும் பெய்யுமே! இரண்டு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ஊர்களை ஒரே புயல் ஒரே இரவில் நனைத்துவிடும். மூன்றாவது படி புனேக்குச் சென்றது அதனால்தான்.

வேற்று மாநிலங்களில் வாழும் அன்பர்களுக்குத் தனிப் பங்கு உண்டு என்று தொடக்கத்தில் கூறினேன் அல்லவா? அது இதுவே. நீங்கள் ஊரைவிட்டுத் தொலைவில் இருப்பது குடும்பத்திற்கு ஒரு குறை என்று பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காப்புப் படியைப் பொறுத்தவரை அந்தத் தொலைவே உதவி. கையடக்கமான டிஸ்கு ஒன்றை வாங்கி, பொங்கலுக்கு ஊர் வரும்போது பெட்டியிலிருந்து முழுப் படி எடுத்து, பூட்டுமொழியிட்டு, திரும்பச் செல்லும்போது எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கணினியிலும் சொருகாமல் அலமாரியில் துணிகளுக்கு இடையே வைத்துவிடுங்கள். கம்பியே இல்லாத டிஸ்கை எந்தப் புரளியும் எட்ட முடியாது. ஓராண்டு பழையதாயினும் பரவாயில்லை. சென்ற பொங்கல் வரையிலான குடும்ப வரலாறு அதில் இருக்கிறது. டிஸ்கு ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடப்பதும் நன்றன்று ஆகையால், ஆண்டுக்கொருமுறை அது ஊருக்கு வந்து போவது அதன் உடல்நலத்திற்கும் ஏற்றது.

பூட்டுமொழியிடுவோர், அதன் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி இரண்டு பேரிடம் கொடுத்துவைக்க வேண்டும். ஒருவர் மனத்தில் மட்டும் இருக்கும் கடவுச்சொல் அவரோடு போய்விடும். எங்கள் வீட்டில் அக்காகிதம் நிலப் பத்திரத்தோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பழைய இரும்புப் பெட்டிக்கு இப்படியாக மீண்டும் ஒரு வேலை கிடைத்தது!

இனி, செப்பேடுகளின் கதைக்குத் திரும்புவோம். கோப்பு இருக்கிறது; படிப்பார் இல்லை. இந்நிலை நமக்கு இரண்டு வகையில் வருகிறது.

ஒன்று எழுத்துருவைப் பற்றியது. 1990களிலும் 2000த்தின் தொடக்கத்திலும் தமிழில் தட்டச்சிட்டவர்கள் பாமினி, டாம், டாப் முதலிய வெவ்வேறு குறியீட்டு எழுத்துருக்களைப் பயன்படுத்தினர். அக்கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். கோப்பு ஒரு துளியும் கெடவில்லை. எழுத்துரு இல்லாமையால் அது ஊமையாகிவிட்டது. இவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எளிதில் கிடைக்கும்போதே மாற்றி, பழைய கோப்பையும் உடன்வைத்துப் படியெடுத்துவிடுக.

மற்றொன்று எங்கள் பகுதிக்குச் சிறப்பாக உரியது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்ந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவர். பள்ளியில் கற்பது தெலுங்கும் ஆங்கிலமும். என் தம்பியின் பேரன் தமிழில் அழகாகக் கதை சொல்வான். ஆனால் 'பாட்டி கடிதங்கள்' என்று தமிழில் எழுதினால் அவனுக்குப் படிக்கத் தெரியாது. டில்லியிலும் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் வாழும் நேயர்களின் இல்லங்களிலும் இதே நிலை இருக்கக்கூடும். 'பழையவை' என்னும் பெயருக்கு என் வீட்டில் நேர்ந்த கதியை முன்பே கூறினேன். படிக்கவே இயலாத பெயருக்கு அதைவிட நல்ல கதி நேர்ந்துவிடுமா?

ஆகவே பெட்டியின் முகப்பில் 'முதலில் இதைப் படிக்க' என்று ஒரு கோப்பு வைத்திருக்கிறோம். எந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது, படத்திலிருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, குரல் யாருடையது என்பன அதில் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. அதை எழுதத்தான் நாட்கள் பிடித்தன. இயந்திரத்தை அமைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாயிருந்தது. பாட்டியின் மடியிலிருக்கும் குழந்தை எவர் என்று கண்டறிய, வேலூரிலிருக்கும் அத்தைக்கு மூன்று முறை தொலைபேச வேண்டியிருந்தது. அத்தைக்கு இப்போது வயது 86. இவ்வேலையை முதலில் செய்யுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்வேன். டிஸ்கு அடுத்த மாதமும் கடையில் கிடைக்கும்.

கோப்புகளின் பெயரைத் தேதியில் தொடங்குவதும் பயன் தருகிறது. 1987-06-14 என ஆண்டு முன்னும் மாதமும் நாளும் பின்னுமாக எழுதினால், எந்தக் கணினியிலும் அவை தாமே காலவரிசையில் நின்றுவிடும்.

இறுதியாக, படி உண்மையில் படிதானா என்று திறந்து பார்க்கவேண்டும். 'வெற்றி' என்று இயந்திரம் காட்டும் பச்சை விளக்கை மட்டும் நம்பலாகாது. 1998இல் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்னும் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, தவறான கட்டளை ஒன்றால் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் படியைத் தேடிப் போனால், அது பல நாட்களாகச் சரிவர இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்து பணிபுரிந்த காலின் சஸ்மன் என்னும் அலுவலரின் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்ததால் படம் பிழைத்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தையும் காத்தது, என் தம்பியின் பென் டிரைவைப் போன்ற ஒன்றுதான்.

எங்கள் வழக்கம் இது. மூன்று மாதத்திற்கொருமுறை, முதல் ஞாயிறன்று, தம்பி சித்தூர்ப் பெட்டியிலிருந்து பத்துக் கோப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல் எடுத்து, வேறொரு கணினியில் மீட்டு, திறந்து பார்ப்பான். படமாயின் முழுதும் தெரிகிறதா, ஒலியாயின் கடைசிவரை கேட்கிறதா என்று சோதித்து எனக்குத் தொலைபேசியில் சொல்வான்.

சென்ற முறை அவன் எடுத்த பத்தில், அம்மாவின் பாடல்கள் இரண்டில் ஒன்று வந்தது. "அண்ணா, பாட்டு பாதியிலேயே நின்றுவிடுகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?" என்று பதற்றத்தோடு கேட்டான். கெடவில்லை. ஒலிநாடாவின் அந்தப் பக்கம் அங்கே முடிந்துவிட்டது. நாங்கள் நாடாவைத் திருப்புவதற்குள் அம்மா குழந்தை உறங்கிவிட்டதென்று பாட்டை நிறுத்திவிட்டார். அதை அவன் முகப்புக் கோப்பில் மூன்று மொழிகளிலும் எழுதிவைத்தான்.